பாட்டு ஓடவில்லையா? ஃபார்மட்டை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

பென்டிரைவை நீட்டி “இதெல்லாம் எம்பி3 ஆக மாத்திக் கொடுங்க” என்று கேட்கிறவர்களில் பலருக்கு மாற்ற வேண்டிய தேவையே இருப்பதில்லை. கோளாறு பென்டிரைவில் இருக்கும், ஜாக்கில் இருக்கும், ஃபைல் பெயரில் இருக்கும். தேவையில்லாமல் மாற்றினால் ஒலித்தரம் கொஞ்சம் போய்விடும். போனது திரும்பாது. அதனால் அறிகுறியைப் பார்த்து, செலவில்லாத காரணத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை. மூல ஃபைல்களை அப்படியே வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். எந்தச் சோதனையானாலும் நகலில்தான். அப்புறம், விண்டோஸில் ஃபைல் பெயரின் வால், அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதி, தெரியும்படி வையுங்கள். அது மறைந்திருந்தால் பாதி நேரம் குருட்டாம்போக்கில்தான் தேட வேண்டியிருக்கும்.

ஃபார்மட்டுகளை இரண்டு கூட்டமாக நினைவில் வைத்தால் போதும். வேவ், ஃப்ளாக், ஆப்பிளின் ஆலாக் ஆகியவை இழப்பில்லாதவை. இவற்றுக்குள் எத்தனை முறை மாற்றினாலும் ஒலி அப்படியே இருக்கும். எம்பி3, ஏஏசி, டபிள்யூஎம்ஏ, ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகியவை இழப்புள்ளவை. இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும்.

## கம்ப்யூட்டரில் ஓடுகிறது, காரில் ஓடவில்லை

ஒரு பாட்டுகூடத் தெரியவில்லை என்றால் பாட்டின் ஃபார்மட்டைப் பார்க்காதீர்கள், பென்டிரைவின் ஃபார்மட்டைப் பாருங்கள். அதாவது, டிரைவுக்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையை. பழைய கார் ஸ்டீரியோக்களும் டீக்கடை, மைக்செட் ஆம்ப்ளிஃபயர்களும் பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறை ஒன்றைத்தான் படிக்கும். இன்று கடையில் வாங்கும் 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ் பல எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. டிரைவின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்று இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் ஜன்னலில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 வரவில்லை என்றால் ரூஃபஸ் போன்ற இலவசக் கருவியால் செய்யலாம். என் யோசனை, காருக்கென்றே ஒரு 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் செலவாகிறது என்பதுதான் பிட்ரேட், கேபிபிஎஸ் அதன் அளவு. 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி, 5 நிமிடப் பாட்டு 12 எம்பி. 16 ஜிபியில் ஆயிரத்துக்கு மேல் பாட்டு அடங்கும்.

சில பாட்டுகள் மட்டும் ஓடவில்லை என்றால் அந்தச் சிலவற்றின் வாலைப் பாருங்கள். எல்லாம் ஃப்ளாக், அல்லது எல்லாம் ஓபஸ் என்று ஒரே இனமாக இருந்தால் அந்த ஸ்டீரியோவுக்கு அது தெரியாது. வாட்ஸ்அப் குரல் செய்தியாக வந்த பாட்டு ஓபஸில்தான் இருக்கும். பல ஸ்டீரியோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இங்கேதான் மாற்றுவது நியாயம்.

வாலை மட்டும் எம்பி3 என்று மாற்றி எழுதுவது மாற்றம் ஆகாது. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அதேதான். கம்ப்யூட்டர் பிளேயர் பல, உள்ளே எட்டிப் பார்த்துச் சமாளித்து ஓட்டிவிடும், கார் ஸ்டீரியோ ஓட்டாது. சந்தேகம் இருந்தால் மீடியாஇன்ஃபோ என்ற சின்ன நிரலில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

எம்4ஏ சில ஓடுகின்றன, சில ஓடவில்லை என்பது அடிக்கடி வரும் புகார். எம்4ஏ ஒரு பெட்டி மட்டுமே. உள்ளே ஏஏசியும் இருக்கலாம், ஆலாக்கும் இருக்கலாம். பிட்ரேட் 128, 256 என்று இருந்தால் ஏஏசி. 700, 900 என்று எகிறினால் ஆலாக். ஏஏசி ஓட்டும் கார் எல்லாம் ஆலாக் ஓட்டாது. ஆலாக் இழப்பில்லாதது என்பதால் அதிலிருந்து எம்பி3 எடுக்கத் தயங்க வேண்டாம். தரமான முதல் நகல்தான் கிடைக்கும்.

ஃப்ளாக் ஓட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, இருந்தும் திக்குகிறது என்றால் அந்த ஃபைல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வகையா என்று பாருங்கள். கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது, பிட் என்பது ஒவ்வொரு அளவின் நுணுக்கம். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பது சிடியின் அளவு. பல ஸ்டீரியோ அதைத் தாண்டினால் மூச்சு வாங்கும். காருக்கான நகலை மட்டும் 16 பிட், 44.1க்கு இறக்குங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

வால் எம்4பி என்று இருந்தால் பூட்டுப் போட்ட ஃபைல். 2009 வாக்கில் ஐடியூன்ஸ் கடை அந்தப் பூட்டை எடுப்பதற்கு முன் வாங்கியது. இந்தியாவில் அந்தக் கடை 2012 கடைசியில்தான் திறந்தது என்பதால், இங்கே இத்தகைய ஃபைல் இருந்தால் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரர் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். வாங்கியவருடைய கணக்கில் அனுமதி பெற்ற கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் “டவுன்லோட்” செய்த பாட்டும் இப்படித்தான். ஃபோனுக்குள் தேடி எடுத்துப் பென்டிரைவில் போட்டாலும் ஓடாது, எந்தக் கன்வெர்ட்டரும் உதவாது. அந்தப் பாட்டு சிடியாகவோ பூட்டில்லாத ஃபைலாகவோ விற்பனைக்கு இருந்தால் வாங்குவதுதான் வழி.

ஃபேட்32, 16 பிட், சாதாரண எம்பி3 என்று எல்லாம் சரியாக வைத்த பிறகும், இரண்டாவது பென்டிரைவிலும் அதே கதை என்றால் யூஎஸ்பி சாக்கெட் அல்லது ஸ்டீரியோ கோளாறு. கார் ஆடியோ மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம் அது.

## சிடியிலிருந்து காப்பி எடுத்தேன், எதிலும் ஓடவில்லை

ஃபோல்டரைத் திறந்து அளவைப் பாருங்கள். டிராக்01, டிராக்02 என்று வரிசையாக இருக்கும், வால் சிடிஏ, ஒவ்வொன்றும் 1 கேபி. சொத்து முழுக்கப் பத்திரமாக நகலாகிவிட்டது போலத்தான் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு ஃபைலிலும் இருப்பது 44 பைட். அந்தப் பாட்டு சிடியில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டும். பாட்டு இன்னும் சிடியிலேயே இருக்கிறது. சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் “அதான் காப்பி எடுத்தாச்சே” என்று பழைய கச்சேரி சிடிகளைக் குப்பைக்கு அனுப்பிய வீடுகள் உண்டு.

ஆடியோ சிடியை ரிப் செய்ய வேண்டும், அதாவது ஒலியைப் படித்து ஃபைலாக எடுக்க வேண்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அல்லது ஃபூபார்2000 நிரல் போதும். முதலில் ஃப்ளாக்காக எடுத்து வையுங்கள். சிடி ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஃப்ளாக்கில் பெரும்பாலும் அதில் பாதி, முக்கால் அளவுக்குச் சுருங்கும். காருக்கும் ஃபோனுக்கும் வேண்டிய எம்பி3யை அந்த ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ரிப் பாதியில் நின்றால் சிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள்; வட்டமாகத் துடைக்காதீர்கள். அப்படியும் வரவில்லை என்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லேபிள் பக்கம் வெள்ளிப் பூச்சு உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிகிறது என்றால் அந்த இடத்தில் பாட்டு இல்லை. யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும். எம்பி3 எழுதிய சிடி பழைய சிடி பிளேயரில் ஓடாது. அந்த பிளேயருக்கு ஆடியோ சிடி மட்டுமே தெரியும். எழுதும்போது “டேட்டா” என்பதற்குப் பதில் “ஆடியோ சிடி” என்று தேர்ந்தெடுங்கள். 80 நிமிடம்தான் கொள்ளும்.

## பாட்டில் குரலை மட்டும் காணோம்

வாத்தியம் எல்லாம் கேட்கும், பாடுகிறவர் எங்கோ கிணற்றுக்குள் இருப்பார். கல்யாண மண்டபங்களில் இது நடக்கும்போது “ஃபைல் கெட்டுப்போச்சு” என்று வேறு பாட்டைத் தேடுவார்கள். முதலில் ஜாக்கை முழுக்க அழுத்துங்கள். ஜாக் பாதி செருகியிருந்தால் தரை இணைப்பு விட்டுப்போய், இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

ஜாக் சரி என்றால் வேறு கேபிள். உள்ளே தரைக் கம்பி அறுந்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஜாக்கின் கழுத்தை ஆட்டினால் குரல் வந்து வந்து போகும். மைக்செட்காரர்களுக்கு இது ஐந்து நிமிட சால்டரிங் வேலை.

கேபிளும் சரி, ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் இருக்கிறது, ஒற்றை ஸ்பீக்கரில் மட்டும் மறைகிறது என்றால் அப்போதுதான் ஃபைல் மேல் சந்தேகம். ஒரு பக்கம் தலைகீழாகப் பதிவாகியிருக்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த நிரலில் ஸ்டீரியோவைப் பிரித்து, ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்து “இன்வெர்ட்” கொடுத்து, மோனோவாக்கிக் கேளுங்கள். குரல் வந்துவிட்டால் சரி செய்ததை வேவ் அல்லது ஃப்ளாக்காகச் சேமியுங்கள்.

## பாட்டு இழுக்கிறது, சுருதி இறங்கிவிட்டது

இது பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 44.1 என்று நினைத்து ஓட்டுவதால் வருவது. எட்டு சதவீதம் மெதுவாகும், சுருதி சுமார் ஒன்றரை ஸ்வர ஸ்தானம் இறங்கும். 2 கட்டையில் பாடியது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் போய் நிற்கும். தம்புராவோ சுருதிப்பெட்டி ஆப்போ வைத்து ஒத்துப் பார்த்தால் எந்தச் சுருதியிலும் சேராமல் தொங்குவதே நல்ல அடையாளம். மாறாக 44.1ஐ 48 என்று ஓட்டினால் அதே அளவு ஏறிவிடும்.

வேறொரு பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் ஃபைலில் குற்றமில்லை. எல்லாவற்றிலும் தவறாக இருந்தால் ஆடாசிட்டியில் திறந்து, டிராக்கின் “ரேட்” மதிப்பை 48000 என்று மாற்றிக் கேளுங்கள். இங்கே “ரீசாம்பிள்” வேறு, “ரேட்” வேறு. ரேட் ஓட்டும் வேகத்தை மாற்றும். ரீசாம்பிள் கேட்கிற ஒலியை அப்படியே வைத்து எண்ணை மட்டும் மாற்றும், அதைச் செய்தால் தவறான சுருதி அப்படியே நிலைத்துவிடும்.

கேசட்டிலிருந்து எடுத்தது என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக இறங்கினாலோ, ஸ்வரம் நடுங்கினாலோ அது மெஷின் கோளாறு. பெல்ட்டை மாற்றிவிட்டு மறுபடி பதிவு செய்வதே சரி. மென்பொருளில் நிமிர்த்தப் போனால் கமகமும் தள்ளாட்டமும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும், பிரிக்க முடியாது.

## 320 என்று போட்டிருக்கிறது, ஆனால் கரகரக்கிறது

பிட்ரேட் எண் எதையும் நிரூபிக்காது. 128ல் இருந்த எம்பி3யை 320ஆக மாற்றினால் ஃபைல் இரண்டரை மடங்கு பெருக்கும், ஒலி ஒரு துளி கூடாது. யூட்யூபிலிருந்து எடுத்த “320” எல்லாம் இப்படிப்பட்டதுதான். அங்கே ஒலி ஏஏசியாகச் சுமார் 128, ஓபஸாகச் சுமார் 160 கேபிபிஎஸ் அளவில்தான் இருக்கிறது.

ஸ்பெக் என்ற இலவச நிரலில் ஃபைலைத் திறந்தால் படம் வரும். மேலே 16, 17 கிலோஹெர்ட்ஸில் அளவுகோல் வைத்து வெட்டியது போல் ஒரு கோடு தெரிந்து, அதற்கு மேல் வெறும் கறுப்பாக இருந்தால் பழைய 128 அதற்குள் ஒளிந்திருக்கிறது. உண்மையான 320ல் அந்த வெட்டு 20 வாக்கில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: 1950, 60களின் பாட்டுகளிலும் கேசட்டிலிருந்து எடுத்ததிலும் மேல் ஒலி இயல்பாகவே குறைவு. அவற்றில் படம் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போகும். நேர்க்கோடாக வெட்டுண்டதுதான் போலி. மங்கலைப் பார்த்துவிட்டு நல்ல பழைய பதிவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

போலி என்று உறுதியானால் மாற்றிச் சரிசெய்ய முடியாது. மூலத்தைத் தேடுங்கள், கிடைக்கும்வரை இருப்பதை இருக்கிற ஃபார்மட்டிலேயே விடுங்கள்.

மாற்றியவுடன் கரகரப்பு புதிதாக வந்திருந்தால் காரணம் வேறு. ஒலி அளவு உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும். அளவை 2, 3 டெசிபல் இறக்கி, மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள்.

## ஒரு பாட்டு அலறுகிறது, அடுத்தது முனகுகிறது

எல்லாவற்றையும் ஆடாசிட்டியில் திறந்து ஒலியைக் கூட்டிச் சேமிப்பது வேண்டாம். எம்பி3 மறுபடி சுருங்கும். எம்பி3கெயின் என்ற கருவி ஃபைலுக்குள் இருக்கும் அளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றும். பாட்டு மறுபடி சுருங்காது, வேண்டாம் என்றால் பழையபடி வைக்கலாம். 89 டெசிபல் என்ற அதன் வழக்கமான இலக்கு காருக்கும் வீட்டுக்கும் சரியாக இருக்கும். கச்சேரித் தொகுப்பு என்றால் “ஆல்பம்” முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மெல்லிய ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும்.

## ஆலாபனை முடிந்து பல்லவி வரும் இடத்தில் ஒரு விக்கல்

நேரடிக் கச்சேரி சிடிகளில் ராகம், தானம், பல்லவி தனித்தனி டிராக்காக இருக்கும், நடுவில் தம்புரா நிற்காமல் ஓடும். எம்பி3 ஆக்கியதும் அந்த இணைப்பில் ஒரு நொடிப்பொழுது அமைதி விழுகிறது. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகத்தான் எழுதும். முன்னும் பின்னும் வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ளும். தம்புரா அறுந்து ஒட்டுவது கேட்கிறவருக்கு உடனே உறுத்தும்.

பிளேயரில் இடைவெளி இல்லாமல் ஓட்டும் “கேப்லெஸ்” வசதி இருந்தால் அதை இயக்குங்கள். ஒரு பாட்டை மங்கவைத்து அடுத்ததோடு கலக்கும் “கிராஸ்ஃபேட்” இருந்தால் அணையுங்கள். காரில் கேப்லெஸ் இல்லை என்றால், ஃப்ளாக் மூலத்தில் மூன்று டிராக்கையும் ஒன்றாகச் சேர்த்து, பிறகு ஒரே எம்பி3 ஆக எடுங்கள். எம்பி3 ஆன துண்டுகளைச் சேர்த்தால் வெற்றிடமும் சேர்ந்தே வரும்.

## பாட்டின் பெயர் கட்டம் கட்டமாக, அல்லது புரியாத எழுத்தில்

வெறும் கட்டங்கள் என்றால் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை. ஃபைலில் எதுவும் தவறில்லை. கார் நகலில் மட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் போடுங்கள்.

மேலே சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ என்று வரிசையாக வந்தால், அது தமிழ்தான். யூனிகோடில் எழுதியதை பழைய குறிமுறை என்று நினைத்துக் காட்டுகிறது. எம்பி3டேக் நிரலின் அமைப்புகளில் டேக் (ஃபைலுக்குள் பாட்டின் பெயர், பாடியவர் போன்றவை எழுதியிருக்கும் குறிப்பு) வகையை ஐடி3 2.3, யூடிஎஃப்-16 என்று வைத்துச் சேமியுங்கள். பல ஸ்டீரியோவுக்கு 2.4 புரியாது, 2.3 புரியும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பெயர்களைத் திரும்ப அடிப்பதுதான் சீக்கிரம் முடியும்.

வரிசை குழம்பினால் பெயருக்கு முன் 01, 02 என்று இரண்டு இலக்க எண் போடுங்கள். 1க்கு அடுத்து 10 வருவது நிற்கும். அப்படியும் குழம்பினால், அந்த ஸ்டீரியோ பென்டிரைவில் எழுதப்பட்ட வரிசையில் ஓட்டுகிறது. ஃபோல்டரைக் காலிசெய்து வரிசையாக மறுபடி காப்பி செய்யுங்கள்.

## நடுவில் கீச்சிட்டு நின்றுவிடுகிறது

அதே ஃபைலை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓட்டுங்கள். அங்கே சரியாக ஓடினால் பென்டிரைவில் கோளாறு. முதலில் போட்ட பாட்டுகள் நன்றாக ஓடி, கடைசியாகப் போட்டவை மட்டும் கெட்டிருந்தால் போலிக் கொள்ளளவு என்று சந்தேகப்படுங்கள். 64 என்று எழுதிய உறைக்குள் 8 ஜிபிதான் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரல் டிரைவ் முழுக்க எழுதிப் படித்துச் சொல்லிவிடும். அதற்கு முன் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள்.

நகல் வேறெங்கும் இல்லாத பதிவு, வீட்டுப் பெரியவர் பாடியது, பேசியது என்று இருந்தால் அந்த பென்டிரைவில் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். எதையும் எழுதாதீர்கள், விண்டோஸ் “ரிப்பேர் செய்யவா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தரவு மீட்பு நிபுணரிடம் நேராகக் கொண்டுபோங்கள். முதல் முயற்சி அவருடையதாக இருந்தால்தான் வாய்ப்பு அதிகம்.

## கேசட்டிலிருந்து எடுத்தது மந்தமாக இருக்கிறது

ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் டெக்கின் ஹெட்டை, அதாவது டேப்பைத் தொட்டுப் படிக்கும் பாகத்தை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வந்தால் பாதிப் பிரச்சினை அதோடு தீரும். அடுத்து, டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான். டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டை டால்பி போட்டு ஓட்டினால் மேல் ஒலி அடங்கிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டில் பதிந்த கேசட் பெரும்பாலும் டால்பி இல்லாதவைதான், அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டும் சரி, இன்னும் மந்தம் என்றால் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கிறது. பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியைக் கால் திருகு அளவுக்குள் நகர்த்தி, மோனோவில் கேட்டபடி, ஜாலரா ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் டெக் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. பதியும்போது 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வேவ் ஆக எடுங்கள்.

டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால், ஓடும்போது கிறீச்சிட்டு ஒட்டினால், நடுவில் அறுந்திருந்தால் டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டையும் கெடுக்கும், ஒட்டும் டேப்பில் காந்தப் பூச்சு உரிந்து வரும். பழைய டேப்புகளைக் கையாளத் தெரிந்தவரிடம் கேசட்டை உறையோடு கொடுங்கள். திரும்ப வாங்கும்போது வேவ் அல்லது ஃப்ளாக்காகக் கேளுங்கள். எம்பி3 மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள்.